ஓடுவதும் ஓட்டுவதும்

எதிர்வீட்டுப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆங்கில நோட்டோடு வந்துவிடுவாள். போன வாரம் அதில் 'ஹெர் அங்கிள் ரன்ஸ் எ ஷாப்' என்ற வாக்கியத்தின் கீழே 'அவளுடைய மாமா கடைக்கு ஓடுகிறார்' என்று பென்சிலில் எழுதி, சந்தேகம் வந்து பாதி அழித்திருந்தாள். கடைசிப் பக்கத்து வார்த்தைப் பட்டியலில் 'ரன் – ஓடு' என்று மட்டும் இருந்தது.

"உங்க மாமா மளிகைக் கடை எப்படிம்மா போகுது?" என்று கேட்டேன்.

"ஏதோ கஷ்டப்பட்டு ஓட்டிட்டு இருக்காரு அத்தை."

சொன்னவள் நிமிர்ந்து பார்த்தாள். ரப்பரை எடுத்து மீதியையும் அழித்தாள்.

தமிழில் தானே நடந்தால் ஓடும், ஒருவர் நடத்தினால் ஓட்டுவார். தன்வினை, பிறவினை என்று எட்டாம் வகுப்பிலேயே படித்ததுதான். ஆங்கிலம் இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொள்கிறது. மோட்டார் ஓடுவதும் ரன், குடும்பத்தை ஓட்டுவதும் ரன். நாம் இன்னும் நுட்பமாகப் பிரிப்போம். டிரைவர் பஸ்ஸை ஓட்டுகிறார், முதலாளி பஸ் விடுகிறார். அந்த முதலாளிக்குத்தான் ஆங்கிலத்தில் ரன். டிரைவருக்கு வேறு சொல்.

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பு 20 தொகுதிகள். அதில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற வினைச்சொல்லுக்கு. அடுத்த திருத்தத்தில் 'ரன்' அதை முந்தியது: வினையாக மட்டும் 645 பொருள்கள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் இருந்திருக்கிறார். எனக்கு இது பெரிய தவமாகவே படுகிறது. ரயில், மின்சாரம், கம்ப்யூட்டர் என்று ஒவ்வொன்றும் வர வர, அதன் இயக்கத்தைச் சொல்ல ஆங்கிலேயர் புதுச் சொல் தேடவில்லை. கையிலிருந்த ரன்னையே கொடுத்தார்கள். நாமும் அதைத்தான் செய்தோம். ஃபேன் ஓடுகிறது, மீட்டர் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது.

எல்லா இடத்திலும் இப்படிப் பொருந்தாது. நமக்கு மூக்கு ஒழுகும், துணியில் சாயம் போகும், சர்க்கரை தீர்ந்துபோகும். மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ரன் வரும். தேர்தலில் அமெரிக்கர் ஓடுகிறார். பிரிட்டிஷ்காரர் நம்மைப் போலவே நிற்கிறார். அதனால்தான் சொல்லைத் தனியாகப் பிடுங்கி மனப்பாடம் செய்யாதே, பக்கத்தில் எது நிற்கிறது என்று பார் என்று அவளிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கடை பக்கத்தில் இருந்தால் ஒன்று, மூக்கு இருந்தால் வேறொன்று.

பட்டியல் பக்கத்தை அவளே கிழித்துவிட்டு, புதுப் பக்கத்தில் முழு வாக்கியங்களாக எழுத ஆரம்பித்தாள். ஏழெட்டு எழுதியதும் பேனாவை நிறுத்தினாள்.

"அத்தை, ரிசல்ட் அன்னைக்கு அம்மாவுக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. இதை இங்கிலீஷ்ல எப்படி எழுதுறது?"

ரன்னை வைத்து எழுத முடியாது. வேறு எதை வைத்து எழுதலாம் என்று இருட்டும்வரை இருவரும் யோசித்துக்கொண்டிருந்தோம்.