மரம் பிழைத்தால் சலுகை!

ராயபுரத்திலிருந்து கடலோரமாக வடக்கே செல்கிறவர்கள் திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூரை அடைவதற்குள் எத்தனையோ புகைபோக்கிகளைக் கண்டுவிடுவார்கள். அங்கே ஒரு காட்டையும் காணலாம் என்று எவரும் எதிர்பார்க்கமாட்டார்கள். ஆயினும் கொசஸ்தலையாறு கடலோடு கலக்குமிடத்தில், உப்பங்கழியின் சேற்றில், அலையாத்திக் காடு இன்னும் எஞ்சி நிற்கிறது. இறாலும் நண்டும் மீன்குஞ்சும் அதன் வேர்களின் நிழலில் வளர்கின்றன. அவற்றை நம்பி மீனவர் குடும்பங்கள் வாழ்கின்றன.

இத்தகைய காடுகளைப் பேணும் கம்பெனிகளுக்கு வரிச் சலுகை தரலாமா? யோசனை புதிதன்று. இயற்கை வளங்களைப் பேணும் அங்கீகாரம் பெற்ற ஸ்தாபனங்களுக்குக் கொடுத்த தொகையை வரிக்குரிய லாபத்திலிருந்து கழித்துக்கொள்ள 1982-ம் வருஷத்தில் சட்டம் இடம் தந்தது. 2002 மார்ச்சோடு அந்தச் சலுகை முடிந்தது.

பின்னர் 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் வந்தது. பெரிய கம்பெனிகள் மூன்று வருஷ லாபத்தின் சராசரியில் 2 சதவிகிதத்தைப் பொது நன்மைக்குச் செலவிட வேண்டும் என்றது. இயற்கையைக் காப்பதும் அதில் அடங்கும். அந்தச் செலவைத் தொழிற்செலவாகக் கழிக்கக்கூடாது என்று 2014-ல் வருமான வரிச் சட்டம் திருத்தப்பட்டது. முன்பு முதுகில் தட்டிக்கொடுத்த சர்க்கார் பிறகு பிடரியைப் பிடித்துத் தள்ளலாயிற்று! அதிலும் நியாயம் இல்லாமற் போகவில்லை. கழிக்க விட்டால், செலவில் ஒரு பங்கு பொக்கிஷத்தின் தலையில்தானே விழும்?

சலுகை மீண்டும் வரட்டும் என்பதே நமது கட்சி. ஆனால் எதற்காகச் சலுகை? கன்று நட்டுப் படம் பிடித்துக்கொண்டதற்காகவா?

அலையாத்திக்கு வாளித் தண்ணீர் வேண்டாம். ஏறி இறங்கும் ஓதம் வேண்டும். ஓதம் பாயும் வழி அடைபட்டால் லட்சம் கன்று நட்டும் பயனில்லை. சேற்றுக்கு மேல் நீட்டியிருக்கும் மூச்சுவேர்களால்தான் அந்த மரம் சுவாசிக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழியில் படர்ந்தது. மூச்சுவேரை எண்ணெய் மூடினால் மரத்தின் மூச்சு நிற்கிறது. அதற்குப் புதுக் கன்று மருந்தாகுமா?

ஆகையால் சலுகைக்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும். நட்ட நாளில் அல்ல, ஐந்தாம் வருஷத்தில் உயிரோடிருக்கும் மரங்களை எண்ணிச் சலுகை தர வேண்டும். அடைபட்ட நீர்வழியைத் திறந்துவிட்ட செலவையும் காடு வளர்த்த செலவாகவே கருத வேண்டும். அதே ஆற்றில் கழிவை விடுகிறவனுக்குக் காலணாவும் கூடாது.

எண்ணிப் பார்ப்பது யார் என்று கேட்கலாம். உத்தியோகஸ்தரோடு, அந்தச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களையும் அழைத்துச் செல்லட்டும். மரம் இருக்கிறதா என்பது காகிதத்துக்குத் தெரியாமலிருக்கலாம். அந்தக் கைகளுக்குத் தெரியும்.