புகை அடங்கிய பிறகு

குமுட்டி அடுப்பு நன்றாகக் கனன்றதும், "புகை அடங்கிவிட்டது, உள்ளே எடுத்து வா" என்று சொல்வது நம் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். கண்ணெரிச்சலையும் சுவரின் வெள்ளையையும் உத்தேசித்தால் அது நியாயமான பேச்சே. உயிரை உத்தேசித்தால் அதைவிடத் தவறான பேச்சு வேறில்லை.

போதிய பிராணவாயு கிடைக்காமல் கரி எரியும்போது கார்பன் மானாக்ஸைடு என்னும் வாயு உண்டாகிறது. புகையின்றிச் சிவந்து நிற்கும் கரியிலிருந்து இது தாராளமாக வெளிவரும். இதற்கு நிறமில்லை, வாஸனையுமில்லை. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோக்ளோபின், அதைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பற்றிக்கொள்கிறது. வெளிக்காற்றுக்கு வந்த பின்னும் அதில் பாதி விலகச் சுமார் 5 மணி நேரம் ஆகும்.

முதலில் தலைவலி, பிறகு குமட்டல், கிறுகிறுப்பு. பித்தம் என்று எண்ணிச் சுக்குக் கஷாயம் குடித்துவிட்டு அதே அறையில் படுத்துக்கொள்வார்கள்! பிரெஞ்சு நாவலாசிரியர் எமிலி ஸோலா 1902-ம் வருஷம் செப்டம்பரில் பாரிஸில் மாண்டது இவ்விதந்தான். படுக்கையறைக் கணப்பின் புகைபோக்கி அடைபட்டிருந்தது. இரவில் உடம்பு சரியில்லாதபோது, உண்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றே அவர் நினைத்தார். மனைவி பிழைத்தார். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தலை வலித்து, வாசலுக்கு வந்ததும் தணியுமானால் பித்தத்தின் மீது பழி போட வேண்டாம்.

உதகையிலும் கொடைக்கானலிலும் குளிருக்கு அஞ்சி, சமைத்த கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவை அடைத்துத் தூங்கியவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். நீறு பூத்த நெருப்பும் மணிக்கணக்காக இவ்வாயுவைக் கக்கும். அருகில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்தால் போதும் என்பது வெறும் நம்பிக்கை. இந்த வாயு தண்ணீரில் அவ்வளவாகக் கரைவதில்லை. ஒரு ஜன்னலைச் சற்றே திறப்பதும் காப்பாகாது. கம்பளியை இன்னொன்று போர்த்துக்கொள்வதே மேல்.

கரியில்லாத வீட்டாரும் நிம்மதி கொள்வதற்கில்லை. காஸில் எரியும் கீஸரை ஸ்நான அறைக்கு வெளியே, காற்றோடும் இடத்தில் பொருத்துவதே முறை. ஜெனரேட்டரைத் திண்ணையிலுங்கூட ஓட்டலாகாது. ஜன்னல்களுக்கு எட்டாத தூரத்தில் வைக்க வேண்டும். இவ்வாயுவைக் கண்டு ஓசையிடும் சிறு கருவிகள் விற்கின்றன. வாங்கி மாட்டுவது வீண் செலவல்ல.

யாரேனும் மயங்கிக் கிடந்தால் கதவு ஜன்னல்களைத் திறந்து, அவரை உடனே வெளியே கொணர்ந்து, ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள். அடுப்பு எரிந்த விஷயத்தை டாக்டரிடம் மறவாமல் சொல்லுங்கள். விரலில் மாட்டிப் பார்க்கும் சாதாரண ஆக்ஸிமீட்டர் இந்த வாயுவையும் பிராணவாயுவென்றே எண்ணி, எல்லாம் சரி என்று காட்டிவிடும்.