கியர் பெட்டியும் கைவிரிக்கும் உத்தரவாதமும்

நவி மும்பையின் சான்பாடாவில் பயன்படுத்திய எஸ்யூவி வாங்கும் நடுத்தரக் குடும்பம், வண்டியின் தோற்றத்தையும் விலையையும் பார்க்கலாம். தானியங்கி கியர் பெட்டியின் உள்ளே பார்க்க இயலாது. சில மாதங்களில் வண்டி குலுங்கத் தொடங்கினால், 'கிளட்ச் தேய்மானம் உத்தரவாதத்தில் சேராது', 'ஓட்டிய முறை சரியில்லை' என்பவையே வழக்கமான பதில்கள்.

இப்பதிலை அப்படியே ஏற்கத் தேவையில்லை. ஃபியஸ்டா, ஃபோகஸ், எக்கோஸ்போர்ட் கார்களின் 'பவர்ஷிஃப்ட்' கியர் பெட்டி குறித்த புகார்களில், ஓட்டுநர்கள் மீதே பழி சுமத்திய ஃபோர்டு நிறுவனத்துக்கு ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2018-ல் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. இவற்றுள் எக்கோஸ்போர்ட், சென்னையை அடுத்த மறைமலைநகரிலும் தயாரானது.

இந்தியாவில் பழைய வாகன வியாபாரிகள் அங்கீகாரச் சான்று பெறவேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. உரிமை மாற்றத்தையும் ஆவணப் பொறுப்பையும் முறைப்படுத்தும் அவ்விதி, இயந்திரத்தின் நிலைக்கு வியாபாரியைப் பொறுப்பாக்கவில்லை. கியர் பெட்டியின் சோதனை அறிக்கையையும், உத்தரவாதம் இரண்டாவது உரிமையாளருக்குப் பொருந்துமா என்பதையும் எழுத்தில் தருவதை மத்திய அரசு கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே துணை. இரண்டு ஆண்டுகளுக்குள், வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் அளிக்கலாம். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய் வரை எனில் கட்டணமில்லை. பழுதை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரமுண்டு. ஆனால், அங்கே பேசுவது ரசீதும் பராமரிப்புப் பதிவுமே. வாய்மொழி உத்தரவாதம் நீர்மேல் எழுத்து.