ஒரு நாள் விட முடிகிறதா?



தை இதழ் உங்கள் கைக்கு வரும்போது ஜிம்களில் நிற்க இடம் இருக்காது. புத்தாண்டுத் தீர்மானங்கள் இன்னும் உயிரோடு இருக்கும் காலம் இது. ஞாயிறு விடியலில் கோவளம் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தால், பின்விளக்கு மினுங்க மாமல்லபுரம் நோக்கிப் போகும் சைக்கிள்காரர்களைப் பார்க்கலாம். செங்கல்பட்டில் கொளவாய் ஏரிப் பக்கம் நடப்பவர்கள், போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகும் பிள்ளைகள், திருக்கழுக்குன்றம் மலைப்படியில் மூச்சு வாங்க ஏறுகிறவர்கள் என்று நம் பக்கத்துக் காலைகளே மாறிவிட்டன. 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அரசு தொடங்கியபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வீட்டுக்கு ஒருவரையாவது பிடித்து வைத்திருக்கும் ஊரில் மகிழாமல் எப்படி?

அப்படியிருக்க, இந்த மாதம் இந்தப் பக்கத்தை வேறொரு விஷயத்துக்குக் கொடுக்கிறேன். காரணம் ஒரு கடிதம். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு தாய் எழுதியிருந்தார். மகள் கல்லூரி இரண்டாம் ஆண்டு. இருட்டோடு எழுந்து ஓடுகிறாள், சாயங்காலம் மொட்டை மாடியில் மறுபடி. முதலில் சோற்றை விட்டாள், பிறகு இட்லியை, இப்போது வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் நேரத்தில் அவளுக்கு மட்டும் ஏதாவது வேலை வந்துவிடுகிறது. சொந்தக்காரர்கள், ‘பொண்ணுக்குப் பொறுப்பு வந்துடுச்சு’ என்கிறார்கள். காய்ச்சலோடும் ஓடினாள். ஒரு நாள் கேட்டைப் பூட்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டதற்கு, ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாளாம். “இதைப் பாராட்டுவதா, பயப்படுவதா சார்?” என்று முடித்திருந்தார்.

பயப்பட வேண்டியதுதான் அம்மா. ஆனால் அவள்மேல் கோபப்பட இதில் எதுவும் இல்லை.

உண்ணல் நோய் என்று மருத்துவர்கள் சொல்லும் இது நல்ல பழக்கத்தின் உடையில் வருவதால்தான் நமக்கு அடையாளம் தெரிவதில்லை. திருடன் வேடத்தில் வந்தால் விரட்டியிருப்போம். இது சீக்கிரம் எழுந்து, எண்ணெய்ப் பலகாரத்தை ஒதுக்கி, வியர்க்க விறுவிறுக்க ஓடி, எல்லோரிடமும் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு வருகிறது. அதிலும் மெலிந்த உடம்பைக் கும்பிடுவது நம் மண்ணில் புதிதில்லை. மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒற்றைக் காலில் நின்று கையைத் தலைக்குமேல் தூக்கியிருக்கும் தவசியைப் பாருங்கள். வயிறு ஒட்டி, விலா எலும்பை எண்ணிவிடலாம். அவர் அர்ச்சுனனா பகீரதனா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. யாராக இருந்தாலும் அந்தத் தவத்துக்கு ஒரு நோக்கம் இருந்தது, அது உடம்பு இல்லை. பக்கத்திலேயே சிவன் வரம் தரும் கையோடு நிற்கிறார், தவம் முடிந்தது என்பதற்கு அத்தாட்சியாக. கீழே யானைகளுக்கு அருகில் அதே கோலத்தில் ஒரு பூனை, காலடியில் எலிகள். தவக்கோலத்தை உடனே நம்பிவிடாதே என்று பல்லவச் சிற்பியே கேலியாகச் செதுக்கி வைத்திருக்கிறார். ஊர்க்காரர்களான நாம் அந்தப் பூனையைக் காட்டிச் சிரித்துவிட்டு வந்துவிடுகிறோம்.

விரதம் இருக்கும் வாசகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். திருப்போரூரில் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கிறவர்களை நான் அறிவேன். அந்த விரதத்துக்குத் தொடங்கும் நாள் ஒன்று, முடிக்கும் நாள் ஒன்று. முடித்த அன்று பாரணை, வீடு நிறையச் சமையல், அக்கம்பக்கத்துக்கும் ஒரு இலை. உடம்பு சரியில்லாதவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் இருக்க வேண்டாம் என்று பாட்டிமாரே விலக்குக் கொடுத்துவிடுவார்கள். நான் சொல்லும் நோயில் பாரணை கிடையாது, விலக்கும் கிடையாது. குறித்த இலக்கைத் தொட்டதும் இலக்கு இன்னும் கீழே போய்விடும். ஆகவே அந்தத் தாய்க்கு நான் சொன்ன முதல் சோதனை, மகள் எவ்வளவு ஓடுகிறாள் என்பதைப் பற்றியதே இல்லை. அவளால் ஒரு நாள் விட முடிகிறதா? மழை, காய்ச்சல், மாதவிலக்கு வலி, அத்தை வீட்டுக் கல்யாணம் என்று எது வந்தாலும் விட முடியாமல், விட்டால் குற்றவாளிபோலத் தவித்து, மறுநாள் இரட்டிப்பாக ஓடி ஈடுகட்டினால், அது உடற்பயிற்சியின் எல்லையைத் தாண்டிவிட்டது.

‘இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதி, பெரிய வீட்டுப் பிள்ளைகள் வியாதி’ என்று இதைப் படிக்கும் சிலர் நினைப்பீர்கள். 1990களின் நடுவிலேயே சென்னையின் மனநல மருத்துவர்கள் டி.என். ஸ்ரீனிவாசனும் டி.ஆர். சுரேஷும் அவர்களோடு இருந்தவர்களும் 210 மருத்துவ மாணவர்களை ஆராய்ந்தார்கள். முழு நோய் என்று சொல்ல முடியாத, ஆனால் சாப்பாட்டையும் எடையையும் பற்றிய ஓயாத தவிப்பு ஏறத்தாழ 15 சதவீதம் பேரிடம் இருந்தது. கையில் ஸ்மார்ட்போன் இல்லாத காலம் அது. தென்பசிபிக்கில் ஃபிஜித் தீவிலும் ஒரு ஆய்வு நடந்தது. பூசினாற்போன்ற உடம்பையே அழகு என்று நம் பாட்டிமார்போலப் போற்றிய நாடு. நட்ரோகா என்ற பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. வந்த புதிதில் பள்ளி மாணவிகளைக் கேட்டபோது, எடைக்காகச் சாப்பிட்டதை வாந்தி எடுப்பதாக ஒருவரும் சொல்லவில்லை. மூன்று வருடம் கழித்துக் கேட்டபோது நூற்றுக்கு 11 பேர் சொன்னார்கள்.

நம் பக்கத்தில் இந்த நோய் பெரும்பாலும் வயிற்று வலியாகத்தான் வாசலில் வந்து நிற்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2007இல் எழுதிய கட்டுரை ஒன்றில், மனநலப் பிரிவுக்கு வந்த சிறுவர் சிறுமியரில் உண்ணல் நோய் என்று கண்டறியப்பட்ட 41 பேரில் 35 பேருக்கு இருந்தது மனக்காரணத்தால் வரும் வாந்தி. உணவை ஒடுக்கிக்கொண்டே போகும் அனோரெக்சியா மிச்ச 6 பேருக்கு. ‘குண்டாகிவிடுவேன்’ என்று நம் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்வது குறைவு. ‘பசிக்கல, வயிறு உப்புசமா இருக்கு, நெஞ்சு கரிக்குது’ என்பார்கள். நாமும் அல்சர் என்று மாத்திரை வாங்கிக் கொடுப்போம், பூச்சி மருந்து கொடுப்போம், யார் கண் பட்டதோ என்று சுற்றிப் போடுவோம். எண்டோஸ்கோப்பி வரை போய்விட்டு எல்லாம் நார்மல் என்று திரும்பி வந்த குடும்பங்கள் எத்தனையோ.

கேட்டைப் பூட்டிய அந்த அம்மாவுக்கு மகள் பிடிவாதக்காரியாகத் தெரிகிறாள். பட்டினி ஒரு மனதை என்ன செய்யும் என்பதற்கு 1944–45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனை சாட்சி. போரில் துப்பாக்கி ஏந்த மனம் ஒப்பாத 36 இளைஞர்கள், போரால் பட்டினி கிடந்த மக்களை எப்படி மீட்பது என்று கண்டறிய, தாங்களே முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தார்கள். ஆரோக்கியமான, திடமான ஆட்கள். வாரங்கள் போகப் போகச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைவு இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள். தட்டில் இருந்ததைப் பிசைந்து, பிரித்து, மணிக்கணக்கில் இழுத்துச் சாப்பிட்டார்கள். சிடுசிடுத்தார்கள், நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள், எப்போதும் குளிர்கிறது என்றார்கள். மறுபடி சாப்பிட விட்ட பிறகும் மனம் உடனே திரும்பிவிடவில்லை. ஆக, நீங்கள் பிடிவாதம் என்று பார்ப்பதில் பெரும்பங்கு பசியின் வேலை. ஊருக்கெல்லாம் கேக் செய்து கொடுத்துவிட்டுத் தான் ஒரு துண்டு தொடாத பெண்ணை நீங்கள் பார்த்திருந்தால் இது புரியும்.

ஆண் பிள்ளைகளையும் சொல்ல வேண்டும். அவர்களிடம் இது பெரும்பாலும் தலைகீழாக வருகிறது. எவ்வளவு பருத்தாலும் தான் ஒல்லி என்றே கண்ணாடி சொல்லும். நாளுக்கு இரண்டு வேளை ஜிம், வீட்டுச் சாப்பாடு வேண்டாம், டப்பா டப்பாவாகப் பவுடர், சில இடங்களில் ஊசி. அதே சமயம் எடை குறைக்கும் வெறியும் பையன்களை விட்டுவைப்பதில்லை. 2025 ஜூலையில் குமரி மாவட்டம் குளச்சலில் 17 வயது மாணவர், கல்லூரிக்குப் போகுமுன் மெலிய வேண்டும் என்று மாதக்கணக்கில் பழச்சாறு மட்டுமே குடித்துவந்து, மூச்சுத் திணறி இறந்ததாகச் செய்தி வந்தது. அதே ஆண்டு மார்ச்சில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 18 வயது மாணவி ஒருவரும் எடை குறைக்கப் போய் இறந்தார். இரண்டு வீட்டாரும் முன்பே கவனிக்காமல் இருந்தார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மனநோய்களில் உயிரை அதிகம் வாங்குபவற்றில் அனோரெக்சியா ஒன்று.

இந்தப் பக்கத்தில் நோயாளிகளின் எடையை எழுதாமல் விட்டிருக்கிறேன். வேண்டுமென்றேதான். அந்த எண்ணைப் பார்த்து, நான் இன்னும் அவ்வளவு குறையவில்லையே என்று போட்டி போடும் மனம் இந்த நோய்க்கு உண்டு.

வீட்டில் கவனிக்க வேண்டியவை எடைக்கருவியில் தெரியாது. சாப்பிட்டு எழுந்ததும் பாத்ரூம் போய்க் குழாயைத் திறந்து விடுவது, தொளதொள உடை, வெயில் காலத்தில் சில்லிட்ட கை, எழுந்தால் தலைசுற்றல், கொத்தாக உதிரும் முடி. பெண் பிள்ளைகளுக்கு மூன்று மாதம் மாதவிலக்கு நின்றால் உடம்பு கைவிரிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஓடுகிறவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை விரிசல் விழும். சாப்பாட்டுக்கு மேல் உழைக்கும் உடம்பில் எலும்பும் இதயமும் ஹார்மோன்களும் சேர்ந்து கெடுவதை ஒரே கோளாறாகப் பார்க்க வேண்டும், அது ஆண்களுக்கும் வரும் என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் அறிவித்தது. நம் ஊர்ப் பயிற்சியாளர்களுக்கு இது போய்ச் சேர்ந்திருக்கிறதா என்பது என் சந்தேகம். வாந்தி எடுக்கும் புலிமியாவில் எடை இயல்பாகவே இருக்கலாம், பார்த்தால் ஒன்றும் தெரியாது. பல் மருத்துவர்தான் சில சமயம் முதலில் கண்டுபிடிக்கிறார், அமிலம் தின்ற பல்லைப் பார்த்து.

எப்படிப் பேசுவது? சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம், நாலு பேர் முன்னால் வேண்டாம். ‘எலும்பும் தோலுமா ஆயிட்டியே’ என்றால் இந்த நோய் உள்ள காதில் அது பாராட்டு. ‘இப்பத்தான் நல்லா இருக்க, கொஞ்சம் சதை போட்டிருக்க’ என்றால் அன்றோடு சாப்பாடு நின்றுவிடும். உடம்பைப் பற்றிய பேச்சையே விட்டுவிட்டு, கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்: “கொஞ்ச நாளா நீ ராத்திரி தூங்குறதே இல்ல கண்ணு. தலை சுத்துதுன்னு சுவத்தைப் புடிச்சிக்கிட்டு நிக்கிற. எனக்குப் பயமா இருக்கு. ரெண்டு பேரும் டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாம்.” முதல் தடவை எரிந்து விழுவாள். இரண்டு நாள் விட்டு மறுபடி இதையே சொல்லுங்கள். யார் வளர்ப்பு தவறியது என்ற பஞ்சாயத்து மட்டும் வேண்டாம். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான சிகிச்சைமுறை, பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், வேளாவேளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைக்கும் பொறுப்பையே அவர்களிடம் தந்தது. வளரிளம் பருவத்தினருக்கு இன்று அதிகம் பரிந்துரைக்கப்படும் வழி அதுதான்.

ஒரு எச்சரிக்கை. நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு, மனம் தாளாமல், ஒரே நாளில் பிரியாணியும் நெய்ச்சோறும் ஊட்டிவிடாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பரஸ் உப்பு சட்டென்று இறங்கி இதயம் நின்றுபோகும் ஆபத்து உண்டு. எவ்வளவு, எதிலிருந்து தொடங்குவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, ஓயாத வாந்தி என்றால் அன்றே மருத்துவமனை.

எங்கே போவது? செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவமும் மனநலப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இந்த நோய்க்கு இரண்டும் தேவை என்பதால் இது நமக்கு வசதி. நாடித் துடிப்பு, ஈ.சி.ஜி., ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நேரில் போகத் தயக்கமிருந்தால் 14416, அரசின் டெலி மானஸ் எண். 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, இரவு பகல் எப்போதும், கட்டணமில்லை, தமிழில் பேசலாம். பிள்ளை பேச மறுத்தால் பெற்றோரே கூப்பிட்டு, என்ன செய்வது என்று கேட்கலாம்.

கடைசியாக நம் வீட்டு விஷயம் ஒன்று. பத்தே நாளில் தொப்பை காணாமல் போகும் என்ற ரகத்தில் இந்த மாதம் வந்த விளம்பரங்களைத் திருப்பி அனுப்பிவிட்டோம். கணக்கர் முகம் சுளித்தார், அவர் கவலை அவருக்கு. இனி இந்த இதழில் அவை வராது. ஜிம் நடத்துகிறவர்களும் ஓட்டப் பயிற்சியாளர்களும் நாட்டிய ஆசிரியர்களும் உங்களிடம் வரும் பிள்ளைகளில் இப்படி யாரையாவது கவனித்து, நிறுத்தி, வீட்டாரிடம் பேசியிருந்தால், எப்படிப் பேசினீர்கள் என்று எழுதுங்கள். பெயர் போடமாட்டோம். மாசி இதழில் இரண்டு பக்கம் அதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்