படிப்புக்குத்தாம்மா!

(மூன்றாமாண்டு, மின்னியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மாணவர் பேரவையில் கேட்டதும் "மின் சிக்கனம்" பற்றி எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். நான்கு வரிக்கு மேல் ஓடவில்லை. யோசித்துப் பார்த்தேன். நம்ம பசங்க இண்டர்வெல்லில் எதைப் பேசுகிறோம்? அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் திருச்சுழி பஸ்ஸுக்கு நிற்கும்போது எதைப் பேசுகிறோம்? "எந்த கிராபிக்ஸ் கார்டுடா? எத்தனை ஜிபி ராம்? இ.எம்.ஐ. போட்டா மாசம் எவ்வளவு வரும்?" இதுதானே! அப்படியானால் அதையே எழுதிவிடலாமே என்று உட்கார்ந்துவிட்டேன்.

கேம் விளையாடக் கம்ப்யூட்டர் வாங்குவது தப்பா, சரியா? கையில் இருக்கிற காசுக்கு எப்படி வாங்குவது? இரண்டு கேள்விக்கும் என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். முதலில் என் தப்பைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் நியாயம்.

ஒரு பொய்யின் விலை

இரண்டாமாண்டு படிக்கும்போது ஒரு நாள் அம்மாவிடம் போய், "ஒரு கம்ப்யூட்டர் வாங்கணும்மா. கிராபிக்ஸ் கார்டு போட்டது. அறுபதாயிரம் ஆகும்" என்றேன்.

"எதுக்குய்யா அம்புட்டு?"

"படிப்புக்குத்தாம்மா. ஆட்டோகேட் ஓடணும்ல."

அம்மா வேறு எதுவுமே கேட்கவில்லை. அப்பா தறியில் இருந்தார். அம்மா தார் சுற்றிக்கொண்டிருந்த கையைத் துடைத்துவிட்டு, காதில் கிடந்த தோட்டைத் தொட்டுக்கொண்டே, "இதை வச்சா எம்புட்டு வரும்னு கேட்டுப் பாப்போம். படிப்புக்குன்னா இல்லைன்னு சொல்ல முடியுமா?" என்றார்.

நண்பர்களே, உண்மை என்ன தெரியுமா? நாம் போடுகிற இருபரிமாண ஆட்டோகேட் படத்துக்குத் தனி கிராபிக்ஸ் கார்டே தேவையில்லை. பிராசஸருக்குள்ளேயே இருக்கிற கிராபிக்ஸ் போதும். சி புரோகிராமுக்கு அதுகூட வேண்டாம். ஆட்டோகேட் மென்பொருளையும் மாணவர்களுக்கு அந்தக் கம்பெனியே இலவசமாகக் கொடுக்கிறது. இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையை வைத்துத்தான் நான் பணம் கேட்டேன்.

டாக்டர் வீட்டுப் பிள்ளை இப்படிக் கேட்டால் அவன் அப்பா நாலு கேள்வி கேட்பார். நம்மில் பலர் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நாம்தான். நாம் "படிப்புக்கு" என்றால் அது வேதவாக்கு! திருப்பிக் கேட்க ஆளில்லை. ஆகவே நம் வீட்டில் அந்த வார்த்தையை நாமேதான் காவல் காக்க வேண்டும்.

இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் சொல்லிவிட்டேன். "படிப்புக்கு மட்டும் இல்லம்மா, விளையாடவும்தான்." அம்மா திட்டவில்லை. "அதை முன்னயே சொல்லியிருக்கலாமேய்யா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் பரவாயில்லை!

அப்பாவின் பயம் வேறு. "கேமுன்னா அந்த ரம்மியாடா?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் சூதாட்டத்தால் தமிழ்நாட்டில் எத்தனை குடும்பம் அழிந்தது! அதற்காகத்தான் நம் மாநிலத்தில் 2022-ல் சட்டம் போட்டார்கள். 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. நாம் ஆடுவது அதுவல்ல என்று அப்பாவுக்குப் புரிய வைக்க ஒரு ராத்திரி ஆயிற்று. அந்த ராத்திரி வீண் போகவில்லை. நீங்களும் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

விளையாடுவது குற்றமா?

இல்லை என்பதே என் கட்சி. "தறிக்காரன் மகனுக்கு கேம் ஒரு கேடா?" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: விளையாட்டு காசுக்காரன் சொத்தா என்ன? 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கும் பதக்கம் கொடுத்தார்கள். ஆனால் அதைக் காட்டி வீட்டில் காசு கேட்காதீர்கள்! நாம் எல்லோரும் பதக்கம் வாங்கப் போவதில்லை. ஆசைக்கு விளையாடுகிறோம், அவ்வளவுதான். ஆசை குற்றமில்லை. அடுத்தவர் காதில் கிடப்பதைக் கழற்றி ஆசைப்படுவதுதான் குற்றம்.

இ.எம்.ஐ. என்னும் கண்ணி

என் நண்பன் ஒருவன் அவசரப்பட்டான். கலர் கலராக விளக்கு எரியும் ரெடிமேட் பெட்டியை மாதத் தவணையில் வாங்கினான். உள்ளே இருந்த எஸ்எம்பிஎஸ் பேர் தெரியாத மட்டமான சரக்கு. நான்காம் மாதம் ஒரு நாள் கரண்ட் வந்து வந்து போனது. 'டப்' என்று ஒரு சத்தம், கருகல் வாடை. மதர்போர்டும் சேர்ந்து போய்விட்டது. பெட்டி மூலையில் கிடக்க, தவணை மட்டும் மாதா மாதம் ஓடிக்கொண்டே இருந்தது. அதைக் கட்ட அவன் ராத்திரி மில் ஷிப்டுக்குப் போனான். காலையில் வகுப்பில் தூங்கினான். அந்த செமஸ்டரில் இரண்டு பேப்பர் அரியர். பெட்டியின் விலை அறுபதாயிரம் என்று யார் சொன்னது?

நான் கட்டிய கணக்கு

தோடு காதிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் என் கணக்கில் வந்தது. பன்னிரண்டு மாதத்தைத் தொடாமல் வைத்தேன்: 12,000. 2025 கோடை விடுமுறையில் ஒரு ஒயர்மேன் அண்ணனுக்கு ஹெல்ப்பராகப் போனேன். 40 நாள், நாள் ஒன்றுக்கு 450, ஆக 18,000. அதில் 4,000 வீட்டுக்குக் கொடுத்தேன். மீதி 14,000. மொத்தம் கையில் 26,000.

மதுரைக்குப் போய், ஆபீஸில் ஓடிக் கழித்த பழைய டவர் பெட்டி ஒன்று வாங்கினேன். ஐ5-8500 பிராசஸர், 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. விலை 14,500. பழைய மானிட்டர் 2,800. யுபிஎஸ் 2,600. கீபோர்டும் மவுஸும் 600. ஆக 20,500. இரண்டு மாதம் கார்டு இல்லாமலே சின்னச் சின்ன கேம் ஆடினேன். பிறகு பழைய ஜிடிஎக்ஸ் 1650 கார்டு 6,500-க்குக் கிடைத்தது. கையில் இருந்த 5,500-உடன் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போன ஆயிரத்தைச் சேர்த்து முடித்தேன். மொத்தம் 27,000. தவணை பூஜ்யம்!

ஏன் அந்தக் கார்டு? அது 2019-ல் வந்தது, 4 ஜிபி. 75 வாட்தான் இழுக்கும். மதர்போர்டு ஸ்லாட்டே 75 வாட் கொடுக்கும் என்பதால் பல மாடல்களுக்குத் தனி பவர் ஒயர் வேண்டாம். ஆபீஸ் பெட்டியில் உள்ள சின்ன எஸ்எம்பிஎஸ்ஸே தாங்கும். ஆர்எக்ஸ் 580 இதைவிட வேகம்தான். ஆனால் 185 வாட் கேட்கும், தனி ஒயரும் கேட்கும். எஸ்எம்பிஎஸ்ஸையும் சேர்த்து மாற்ற வேண்டும். பல ஆபீஸ் பெட்டிகளில் அந்தக் கம்பெனி தன் இஷ்டத்துக்கு வைத்த கனெக்டர் இருக்கும். வெளியில் வாங்கும் எஸ்எம்பிஎஸ் சேராது. யானையை வாங்கிவிட்டுக் கட்ட இடம் தேடின கதைதான்!

ஏமாறாமல் இருக்க

ஒன்று: "ஐ7 பெட்டி தம்பி" என்றால் உடனே மயங்காதீர்கள். எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். ஐ7 என்ற பெயர் 2008-லிருந்தே இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். பழைய ஐ7-ஐவிட எட்டாம் தலைமுறை ஐ5 நமக்கு லாபம்.

இரண்டு: "4 ஜிபி கார்டு" என்பது மட்டும் போதாது. 2014-ல் வந்த ஜிடி 730-லும் 4 ஜிபி உண்டு. அதில் இன்றைய கேம் நொண்டும். தொட்டி பெரிதாக இருந்து என்ன, மோட்டார் இழுக்க வேண்டாமா?

மூன்று: பழைய கார்டு வாங்கினால் கடையிலேயே அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பாருங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் கார்டின் உண்மைப் பெயரைப் பாருங்கள். ஆர்எக்ஸ் 580 என்ற பெயரிலேயே 2304 கோர் உள்ளதும் உண்டு, 2048 கோர் உள்ளதும் உண்டு.

நான்கு: இன்டெல் பிராசஸர் பெயர் முடிவில் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்டு போடும்வரை திரையில் படமே வராது. என்னைப் போல் முதலில் பெட்டி, பிறகு கார்டு என்று போகிறவர்கள் கவனிக்க.

ஐந்து: புதிதாக வாங்கினால் பில் வாங்குங்கள். "பில் வேண்டாம்னா 18 சதவீதம் குறையும்" என்பார்கள். ரிப்பேர் வந்தால் வாரண்டியும் குறைந்து பூஜ்யமாகிவிடும்.

ஆறு: சிக்கனம் வேறு, தள்ளிப்போடுவது வேறு. இன்னொரு 8 ஜிபி ராம் 1,200-க்குக் கேட்டு வைத்தேன். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று விட்டேன். 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கே மெமரியெல்லாம் போக, உலகம் முழுக்க விலை எகிறியது. மைக்ரான் கம்பெனி, கடையில் விற்கும் குரூசியல் ராம் வியாபாரத்தையே விடுவதாக டிசம்பரில் அறிவித்தது. நான் போய் நின்றபோது அதே பழைய ராம் 2,800! வாங்காமல் திரும்பினேன். அமெரிக்காவில் எடுத்த முடிவு அருப்புக்கோட்டைக்காரன் சட்டைப் பையைத் தொடுகிறது பாருங்கள்.

நம்ம ஊருக்கென்று சில

பெட்டியை யூ-டியூபில் பார்த்து வாங்குகிறோம். யூ-டியூப்காரர் வீட்டில் தறி ஓடவில்லை! எங்கள் வீட்டில் பஞ்சுத் தூசி, சித்திரையில் கரிசல் புழுதி. இரண்டு மாதத்தில் ஹீட் சிங்க் அடைத்துவிடும். மாதம் ஒரு முறை திறந்து பிரஷ்ஷால் தட்டுங்கள். ஃபேனைக் கையால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். தரையில் வைக்காதீர்கள்.

யுபிஎஸ் கட்டாயம். நாம் மின்னியல் மாணவர்கள். கணக்குப் போடத் தெரியாதா? கார்டு 75, பிராசஸர் 65, போர்டும் மற்றதும் 35, மானிட்டர் 25. ஆக 200 வாட். 600 விஏ யுபிஎஸ் சாதாரணமாக 360 வாட் தாங்கும். போதும். அதே 200 வாட் தினம் மூன்று மணி நேரம், அறுபது நாள் ஓடினால் 36 யூனிட். 2016-ல் வீடுகளுக்கு அறிவித்த 100 இலவச யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உங்கள் விளையாட்டுக்கே போய்விடும். இந்தக் கணக்கையும் அப்பாவிடம் சொன்னேன். "அப்ப ஒரு மணி நேரம் ஆடு" என்றார். ஒன்றரை மணிக்கு ஒப்பந்தம் ஆயிற்று!

முடிவாக...

அந்தப் பெட்டியைக் கழற்றி மாட்டியதில், லேபில் படித்த எஸ்எம்பிஎஸ் எனக்கு இரண்டாம் தடவை புரிந்தது. இப்போது பக்கத்துத் தெருப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் அதைச் சொல்லி "பார்த்தீர்களா, படிப்புக்குத்தான்" என்று நான் தப்பிக்க விரும்பவில்லை. விளையாடத்தான் வாங்கினேன். படிப்புக்கும் உதவுகிறது. இந்த வரிசையில் சொன்னால்தான் உண்மை.

போன வாரம் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் ஐரோப்பாவில் லாரி ஓட்டும் கேம் ஆடிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எந்த ஊரு ரோடுய்யா இது? ஒரு குழியைக்கூடக் காணோமே!" என்றார். இருவரும் சிரித்தோம். அவர் காதில் தோடு கிடந்தது.

நண்பர்களே! பெட்டி வாங்குங்கள், விளையாடுங்கள். பழையதா என்று வெட்கப்படாதீர்கள். பகுதி பகுதியாகச் சேருங்கள். ஆனால் "படிப்புக்குத்தாம்மா" என்ற சொல்லைப் படிப்புக்கு மட்டுமே செலவழியுங்கள். அந்தச் சொல்லை நம்பித்தான் நம் வீட்டில் தறி ஓடிக்கொண்டிருக்கிறது.