பயத்துக்குத் தரம் தெரியாது

திருப்பூரில் பத்துத் தையல் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் தொடங்கும் எவருக்கும் கடன் கிடைப்பதற்கு முன்பே ஒரு புத்திமதி கிடைத்துவிடும்: "அடியாத மாடு படியாது. முதல் நாளே கண்டிப்பைக் காட்டிடு." சொல்பவர் இருபது முப்பது வருடம் தொழில் பார்த்தவராக இருப்பார். அதனால் கேட்பவர் மறுபேச்சின்றி நம்பிவிடுகிறார். முதன்முதலாகப் பதினோரு பேரை வைத்து வேலை வாங்கியபோது நானும் நம்பினேன். அந்தப் புத்திமதி தவறு என்று இன்று உறுதியாகச் சொல்வேன். அதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் நான்கு காரணங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

1. "பயம் இருந்தால்தான் வேலை சுத்தமாக இருக்கும்."

கருநீல டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. செக்கிங் டேபிளில் இருந்த அக்கா ஒரு பீஸை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். உடம்பு ஒரு நீலம், கை இன்னொரு நீலம். அடுத்த பீஸும் அப்படியே. கட்டிங்கில் இரண்டு ரோல் துணி கலந்துவிட்டது. அதற்குள் முந்நூறு பீஸ் தைத்தாகிவிட்டது. ஓவர்லாக் டெய்லரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"முதல் பண்டல்லயே பார்த்தனுங்கண்ணா. போன வாரம் ஒண்ணு சொன்னதுக்கு 'உன் வேலையைப் பாரு'ன்னீங்க. அதான் பேசாம தைச்சுட்டனுங்க."

பத்து பீஸோடு நின்றிருக்க வேண்டிய நஷ்டத்தை முந்நூறுக்கு வளர்த்தது என்னுடைய அந்த ஒரு வார்த்தை. பயம் தவறைத் தடுப்பதில்லை. தவறு முதலாளியின் காதுக்கு வருவதைத்தான் தடுக்கிறது.

ஹார்வர்டு பேராசிரியர் எமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல தலைமை உள்ள குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. முதலில் அவருக்கே அது புரியவில்லை. பிறகுதான் காரணம் விளங்கியது. அங்கே தவறை வாய்விட்டுச் சொல்ல யாரும் பயப்படவில்லை. மற்ற இடங்களில் மறைத்தார்கள்.

2. "இந்தக் காலத்து ஆள்கள் சரியில்லை."

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸின் கார் தொழிற்சாலை ஒன்று இருந்தது. சொல்லாமல் லீவு போடுவது, ஓயாத தகராறு, மோசமான தரம் என்று அந்த நிறுவனத்திலேயே கெட்ட பெயர் வாங்கிய ஆலை. 1982இல் மூடினார்கள். 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதே ஆலையைத் திறந்தன. வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள், சங்கமும் அதே சங்கம். நிர்வாகம் டொயோட்டாவின் கைக்குப் போனது. தொழிலாளர்களை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். கோளாறு கண்ணில் பட்டால் சாதாரணத் தொழிலாளியே ஒரு கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தலாம் என்று உரிமை கொடுத்தார்கள். சில வருடங்களுக்குள் அமெரிக்காவின் தரமான கார் ஆலைகளில் ஒன்றாக அது பேசப்பட்டது.

ஆள்கள் மாறவில்லை, ஆள்களை நடத்திய விதம் மாறியது. "ஆள் சரியில்லை" என்று சொல்லும் முன் ஒவ்வொரு முதலாளியும் இந்த ஆலையை ஒரு தடவை நினைத்துப் பார்க்க வேண்டும்.

3. "முதலாளி கண் முன்னால் இருந்தால்தான் வேலை நடக்கும்."

அப்படியானால் அந்தத் தொழில் முதலாளியின் பார்வை எட்டும் தூரத்தைத் தாண்டி வளராது. பேங்குக்கும் சாயப்பட்டறைக்கும் அலைகிறவர் நாள் முழுக்க மெஷின் பக்கத்தில் நிற்க முடியுமா? கூகுள் நிறுவனம் 2008இல் தன் மேலாளர்களையே ஆராயத் தொடங்கி, பிறகு சிறந்தவர்களுக்குரிய எட்டுப் பண்புகளைப் பட்டியலிட்டது. முதலிடம் நன்றாகக் கற்றுக்கொடுப்பதற்கு. இரண்டாவது, பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஒவ்வொன்றிலும் தலையிடாமல் இருப்பது. தொழில்நுட்ப அறிவு கடைசி இடத்தில்தான் வந்தது. தனக்கு வேலை தெரிந்தால் மட்டும் போதும் என்று நினைக்கும் புது முதலாளி இதைக் கவனிக்க வேண்டும்.

4. "சிரித்துப் பேசினால் தலைமேல் ஏறுவார்கள்."

இதில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் ஆள்கள் தலைமேல் ஏறுவது, முதலாளி சிரித்ததால் அல்ல. ஒருவருக்குக் கேட்டவுடன் அட்வான்ஸ், இன்னொருவருக்கு "அடுத்த வாரம் பார்க்கலாம்". ஒருவர் தாமதமாக வந்தால் முழு ஷிப்ட், இன்னொருவருக்குப் பிடித்தம் என்று நடந்தால் எந்த இடத்திலும் கட்டுப்பாடு நிற்காது. மெஷின் எத்தனை மணிக்கு ஓட வேண்டும், அட்வான்ஸ் எவ்வளவு, எந்தக் கிழமை, எது ரிஜெக்ட் என்பதை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். சொந்தக்காரப் பையனுக்கும் அதே விதி. குறை சொல்ல வேண்டியிருந்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பாராட்டை நாலு பேர் முன்னால் சொல்லுங்கள். கண்டிப்பு வேண்டும்தான். அதை வேலையில் காட்டுங்கள், ஆளிடம் காட்ட வேண்டாம்.

திட்டி வேலை வாங்கியே பெரிய ஆளானவர்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். ஆனால் வேறு கம்பெனி பக்கத்துத் தெருவிலேயே கிடைக்கும் ஊரில், தீபாவளிக்குப் போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கைதேர்ந்த டெய்லர் போனால், புது ஆளைப் பழக்கும் செலவு முதலாளி தலையில்தான்.

முதல் தடவையாக ஆள் வைத்து வேலை வாங்குபவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாளைக் காலை மெஷின் ஓடும் முன் எல்லோரையும் கூப்பிட்டு, "தப்பு கண்ணில் பட்டால் உடனே நிறுத்துங்கள், திட்ட மாட்டேன்" என்று சொல்லுங்கள். பிறகு ஒருநாள், டெலிவரி அவசரத்தின் நடுவில், யாரோ ஒருவர் மெஷினை நிறுத்துவார். அப்போது மற்றவர்கள் எல்லோரும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அன்று கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.