வி-லான் போட்டால் மட்டும் போதுமா?

சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையை ஒரே பெரிய கொட்டகையாகக் கட்ட மாட்டார்கள். சின்னச் சின்ன அறைகள், நடுவே இடைவெளி. ஒன்றில் பிடித்த தீ அடுத்ததுக்குத் தாவக்கூடாது என்பதுதான் காரணம். ஆனால் அறையைப் பிரித்தால் மட்டும் போதாது. உள்ளே எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்ற விதியையும் தினமும் கடைப்பிடிக்க வேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கேயும் தனித்தனி அறைகள்தான்!

நெட்வொர்க்கில் வி-லான் போடுவதும் இப்படி அறை பிரிப்பதுதான். ஒரே ஸ்விட்ச்சில் அக்கவுண்ட்ஸ் தனி, சிசிடிவி தனி, விருந்தாளி வைஃபை தனி. "வி-லான் போட்டாச்சு சார், இனி பயமில்லை" என்று சொல்லி பில்லை நீட்டுகிறவர்கள் பாதி வேலைக்கு முழுக் கூலி கேட்கிறார்கள்.

ஏன்? சிஸ்கோ ஸ்விட்ச் பலவற்றில் போர்ட்டுகள் 'டைனமிக் ஆட்டோ' நிலையில் வருகின்றன. அதில் லேப்டாப்பைச் செருகி, "நானும் ஒரு ஸ்விட்ச்தான், ட்ரங்க் கொடு" என்று டிடிபி மொழியில் கேட்டால் கொடுத்துவிடும். ட்ரங்க் கிடைத்தால் எல்லா வி-லானுக்கும் வழி திறந்த மாதிரி. இதற்கு எர்சினியா என்ற இலவசக் கருவியே 2005 முதல் இருக்கிறது.

மருந்து ஒன்றும் காசு கேட்பதில்லை. பயனர் போர்ட்டை 'அக்சஸ்' என்று கட்டிவிட வேண்டும். ட்ரங்க் போர்ட்டில் டிடிபி-யை நிறுத்தி, தேவையான வி-லானை மட்டும் விட வேண்டும். நேட்டிவ் வி-லானை 1-லிருந்து மாற்றி, அதில் யாரையும் வைக்கக் கூடாது. காலி போர்ட்டை மூட வேண்டும். டெல்நெட்டுக்குப் பதில் எஸ்எஸ்ஹெச். வி-லான்களுக்கு இடையே ரவுட்டிங் இருந்தால் ஆக்சஸ் லிஸ்ட் கட்டாயம். இல்லையென்றால் பிரித்ததே வீண்.

"நம்மூர் கம்பெனியை யார் ஹேக் பண்ணப் போறாங்க?" என்பது அடுத்த சால்ஜாப்பு. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக நெட்வொர்க்கில் மால்வேர் புகுந்ததை 2019 அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. முக்கியமான உள் நெட்வொர்க் தனியாக இருப்பதால் பாதிப்பில்லை என்றது. ஆக, கடைசியில் கைகொடுப்பது பிரிவினைதான். அந்தப் பிரிவினையையே பெட்டியில் வந்த செட்டிங்கில் விட்டு வைப்பது என்ன நியாயம்?

பில் கொடுக்குமுன் 'ஷோ இன்டர்ஃபேஸஸ் ட்ரங்க்' அடித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலில் வரவேற்பறை போர்ட் இருந்தால், வேலை இன்னும் முடியவில்லை.